திங்கட்கிழமை மதிப்பெண்கள்

அத்தியாயம் 14

வெளிநாட்டுக் கடிதம் வந்தால் பொன்னுமணி முதலில் தபால் முத்திரையின் தேதியைப் பார்ப்பாள். எத்தனை நாளில் வந்தது என்று நோட்டில் குறித்த பிறகுதான் உறையைப் பிரிப்பாள். அன்று தேதி பார்க்கவில்லை. தபால்காரர் முதுகு திரும்புவதற்குள் உறையைக் கிழித்துவிட்டாள்.

கிழித்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்னடி, படிச்சியா? நாளு குறிச்சுட்டாகளா?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா சுந்தரம்மாள்.

"இல்லம்மா. வேணாம்னு எழுதிருக்காங்க."

"எது வேணாம்?"

"ஆபரேசன்."

இந்தக் குடும்பத்தின் கவலையெல்லாம் ஒரு மூக்கைச் சுற்றித்தான் என்பது வாரந்தோறும் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பொன்னுமணியின் அப்பா பெத்துராஜ், போடியில் ஏலக்காய் வாங்கி வடக்கே அனுப்பும் வியாபாரி. ஏலக் கூடத்தில் மாதிரித் தட்டு கைமாறும்போது, அவர் ஒரு காயைப் பிட்டு மோந்து பார்த்துத் தலையசைத்தால்தான் மற்றவர்கள் விலை கேட்கத் தொடங்குவார்கள். அப்படிப்பட்ட மூக்கு போன மாசியில் அவரைக் கைவிட்டது. குரங்கணியிலிருந்து இறங்கிய ஜீப்பில் மண்ணெண்ணெய் கேன் சாய்ந்து ஏழு மூட்டை நாறிப்போயிருந்தது. தெருவில் போகிறவர்கள்கூட முகம் சுளித்தார்கள். பெத்துராஜ் மட்டும் முதல் தரம் என்று சொல்லி எடுத்துவிட்டார். சரக்கு கான்பூர் வரை போய்த் திரும்பி வந்தது. ஊர் ஒரு மாதம் சிரித்தது.

மூக்குக்குள் திராட்சைக் கொத்துபோலச் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது என்றார் மதுரை டாக்டர். நாலு வருஷத்துக்கு முன் ஒருமுறை அறுத்து எடுத்தது மறுபடி முளைத்துவிட்டது. இனி மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பில் துளைபோட்டுத்தான் சுத்தம் செய்யவேண்டுமாம்.

பெத்துராஜின் தங்கை சாராள் ஆஸ்திரியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வேறு வழி இருக்கிறது என்று எழுதினாள். பென்சிலைவிட மெல்லிய குழல், அதன் நுனியில் வெளிச்சம். அதை மூக்குத் துவாரம் வழியாகவே விட்டு, உள்ளே பார்த்துக்கொண்டே அடைத்த வழியை மட்டும் திறந்துவிடுகிறார்கள். முகத்தில் தழும்பு இல்லை. ஆனால் சாராள் மறைக்கவில்லை. 'ஒரு மாதம் இங்கே தங்கவேண்டும், அண்ணே. வாராவாரம் குழல் விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்குப் பிறகும் சதை வளரலாம். ஊருக்குத் திரும்பினால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

"நான் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். என்ன செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மதுரை டாக்டர். நல்ல மனிதர்.

ஆஸ்திரியா டாக்டர் மூன்று கேட்டார். மதராஸில் எடுத்த ஸ்கேன் படம். சதையைச் சுருங்கவைக்கும் ஒரு மாத்திரை, அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பத்து நாளைக்கு. அதை நிறுத்திய பிறகு தினமும் வாசம் எவ்வளவு தெரிகிறது என்ற அட்டவணை. அட்டவணையைப் பொன்னுமணி ஏற்றுக்கொண்டாள். எட்டு வாரத்துக்கு எழுதி, மாலையில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளும் இடத்திலேயே அடித்து அனுப்பினாள். அதற்குச் சாராள் எழுதிய பதில்தான் இது.

"படிச்சுச் சொல்லுடி" என்றாள் சுந்தரம்மாள், கையைத் துடைத்துக்கொண்டே.

பொன்னுமணி வாசித்தாள். மாத்திரை நிறுத்தி எட்டு வாரம் ஆன பிறகும் வாசம் குறையவில்லை என்று அட்டவணை சொல்கிறது. அப்படியானால் இப்போது கத்தி தேவையில்லை. மோசமான நிலையில் பலர் காத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஒதுக்கிய நாளை டாக்டர் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்!" சுந்தரம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "கத்தியும் வேணாம், கடலும் தாண்ட வேணாம். ஏங்க, கேட்டிகளா?"

பெத்துராஜ் ஏலத்துக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் எட்டவில்லை, விட்டுவிட்டார்.

"நாந்தான் சொன்னேன்ல. மூக்கு வந்துருச்சு. அவன் எதுக்கு அறுக்கப் போறான்?" என்றவர் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். காலிச் செம்பை நீட்டினார். சுந்தரம்மாள் மறுபடி மொண்டு கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு இறங்கினார்.

"பாத்தியா, கன்னம் எப்படி வச்சிருக்குன்னு. வாசம் தெரியவும் நல்லாச் சாப்புடுறாக" என்றாள் சுந்தரம்மாள். "சாயந்தரம் கேசரி கிண்டுறேன். வெரசா வந்துரு, கிளாசு கிளாசுன்னு அங்கயே கெடக்காத."

உறைக்குள் இன்னொரு சின்னத் தாள் இருந்தது. மேலே 'மருமகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. பொன்னுமணி அறைக்குள் போய்ப் பிரித்தாள்.

'மருமகளே, இந்தப் பிரிவில் எனக்கு ஏழு வருஷம் ஆகிறது. பத்து நாள் மாத்திரைக்குப் பிறகு நாலு வாரம், ஆறு வாரம் வாசம் நின்று பார்த்திருக்கிறேன். இப்படி அசையாமல் நின்ற மூக்கை நான் பார்த்ததில்லை. கர்த்தருடைய கிருபையாக இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் அண்ணன் முகத்தை நன்றாகப் பார். உப்பியிருக்கிறதா? தண்ணீர் நிறையக் குடிக்கிறாரா? மாத்திரை இன்னும் போகிறது என்று தெரிந்தால் சத்தம் போட்டு உடனே நிறுத்திவிடாதே. பல நாள் போட்டதைப் பட்டென்று நிறுத்தினால் ஆளே விழுந்துவிடுவார். மதுரை டாக்டரிடம் கூட்டிப் போ. சர்க்கரை பார்க்கச் சொல்.'

அப்பாமேல் பொன்னுமணிக்குச் சந்தேகம் வரவில்லை. எதிலும் அவள் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். அட்டவணையில் நான் எங்கேயோ பிழை செய்திருக்கிறேன், அதை நம்பி ஒரு டாக்டர் ஆபரேசன் நாளை மாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தாள். பெட்டியிலிருந்து பென்சிலில் எழுதிய நோட்டை எடுத்தாள்.

தினமும் காலையில் ஐந்து குப்பி வைப்பாள். காபித்தூள், கிராம்பு, பெருங்காயம், சோப்புத் துண்டு, ஏலக்காய். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். ஒரு குப்பிக்கு மூன்று மதிப்பெண், மொத்தம் பதினைந்து. வரிசையை நாள்தோறும் மாற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் அவசரத்தில் சோதனை கிடையாது.

செவ்வாய் முதல் சனி வரை பதின்மூன்று, பதினான்கு என்றே இருந்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் பென்சில் எண்ணின் மேல் கோடு. முதல் திங்கள் பதினொன்று, அடித்துப் பதின்மூன்று. அடுத்தது ஒன்பது, அடித்துப் பதின்மூன்று. ஐந்தாவது வாரம் ஏழு. எட்டாவது வாரம் நாலு.

கோடு போட்டவள் அவள்தான். ஞாயிறு மாலை குப்பிகளைக் கழுவிப் புதிதாக நிரப்புவது வழக்கம். ஈரம் போகத் துடைக்காமல் நிரப்பிவிட்டேன், அதனால்தான் வாசம் மங்கிவிட்டது என்று தன்மேலேயே குற்றம் போட்டுக்கொண்டாள். தன் கவனக்குறைவு ஒரு வெளிநாட்டு டாக்டரைக் குழப்பக்கூடாது என்று மறுநாள் மதிப்பெண்ணையே திங்களுக்கும் எழுதினாள். சுத்தப் பிரதியில் எட்டுத் திங்களும் பளிச்சென்று இருந்தன.

ஆனால் ஈரம் வாராவாரம் கூடிக்கொண்டே போகுமா? பதினொன்று, ஒன்பது, ஏழு, நாலு என்று இறங்குமா? திங்கள் காலை செத்துக் கிடக்கும் மூக்கு செவ்வாய் காலை எப்படி எழுந்து உட்காருகிறது?

நோட்டை மூடிக்கொண்டு குடோனுக்கு நடந்தாள்.

குடோனில் ஐந்தாறு பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தைக்கும் கன்னையன் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நிமிர்ந்தான். பொன்னுமணி பிறப்பதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவன்.

"என்ன தாயி, இந்நேரத்துக்கு?"

"கன்னையண்ணே, அப்பாவுக்கு மருந்துக்கடைக்குப் போறது யாரு?"

"நாந்தான். திங்கக்கெழமக்குத் திங்கக்கெழம. கழுத்து வலி மாத்திரையாம். எனக்குந்தான் அண்ணாச்சி கழுத்து வலிக்கி, ஒண்ணு குடுங்கன்னேன். 'மூட்ட தலையில போகுது, ஒனக்கெதுக்குடா கழுத்து'ங்கிறாரு!"

பெண்கள் சிரித்தார்கள். பொன்னுமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தினமும் போடுறாரா?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் போடுவாரு. சனி ஞாயிறு கெடையாது. ஏலம் இல்லாத நாளு கழுத்து வலிக்காதாம்."

"சீட்டு இல்லாம கடையில குடுக்குறாங்களா?"

"சீட்டு இருக்கே." கன்னையன் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மடித்து மடித்து நாலு துண்டாகப் பிரிகிற நிலையில் இருந்தது. மதுரை டாக்டரின் கையெழுத்து. ஆவணியில் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த அதே சீட்டு.

இப்போது கார்த்திகை நடந்துகொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏலம் முடிந்து பெத்துராஜ் குடோனுக்கு வந்தார். கூடவே குரங்கணியில் தோட்டம் வைத்திருக்கும் தங்கபாண்டியனும் வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்தா பொன்னுமணி, ஒங்கப்பா மூக்குக்குச் சுத்திப் போடு" என்று சொல்லிக்கொண்டே தங்கபாண்டியன் குடையை உதறினார். "நம்ம ஸ்டோருல காய வைக்கையில ஒரு நாளு புகை கூடிப்போச்சு. எனக்கே மறந்துபோச்சு. இவரு ஒரு காயைப் பிட்டு மோந்துட்டு, 'என்ன தங்கபாண்டி, வெறகு ஈரமா?'ங்கிறாரு. கூடமே என்னையத் திரும்பிப் பாக்குது! மானம் போச்சு அண்ணாச்சி."

"ஈர வெறகுன்னா ஈர வெறகுதானப்பா" என்று சிரித்தார் பெத்துராஜ். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். உப்பிய கன்னம் சிரிப்பில் பளபளத்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கேட்பது என்று பொன்னுமணிக்குத் தெரியவில்லை.

தங்கபாண்டியன் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அந்தச் சீட்டைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள்.

பெத்துராஜ் சீட்டைப் பார்த்தார். கன்னையனைப் பார்த்தார். கன்னையன் ஊசியோடு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

"யாரு சொன்னா?"

"திங்கக்கெழம சொல்லுச்சுப்பா." நோட்டை விரித்தாள். "எட்டுத் திங்கக்கெழமயும் சொல்லிருக்கு. நாந்தான் கேக்கல. என் குப்பி சரியில்லன்னு நெனச்சு நானே திருத்திட்டேன்."

அவர் எண்களைப் பார்த்தபடி இருந்தார்.

"தட்டு என் கைக்கு வர்றப்ப நூறு கண்ணு என் மூஞ்சியப் பாக்கும், ஆத்தா. நான் தலைய ஆட்டுறதா வேணாமான்னு. மண்ணெண்ணெச் சரக்குக்குப் பெறகு நான் தட்டு வாங்குனா பக்கத்துல ஒருத்தன் இருமுவான். சும்மா இருமுவான். நாலு பேரு சிரிப்பான். மாத்திரை போட்ட மூணாம் நாளு கிராம்பு வாசம் வந்துச்சு பாரு... அதை நிறுத்தச் சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

"அதுக்குத்தானப்பா ஆபரேசன்."

"எப்ப? ஜனவரியில. சீசன் நடுவுல நான் அங்க போயிப் படுத்துக்கிறதா? ஒரு மாசம் அங்க, வந்து ஒரு மாசம் வீட்டுல. என் நாற்காலியில எவன் ஒக்காந்திருப்பான்னு நெனச்சுப் பாத்தியா? மார்ச்சு வரைக்கும் ஓட்டிட்டா அப்புறம் போயிக்கலாம்னு இருந்தேன்."

"இனிமே போக முடியாதுப்பா. ஆபரேசன் நாளை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நல்லாருக்கிற மூக்குன்னு நாம எழுதிட்டோம்."

பெத்துராஜின் முகம் மாறியது. காலையில் மகிழ்ச்சியாக இருந்த செய்தி இப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்ததுபோல் இருந்தது. மாத்திரை அவருக்கு ஏலக் கூடத்து நாற்காலியைக் கொடுத்தது. அதே மாத்திரை அந்த ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டது.

"சரி. இன்னையிலருந்து மாத்திரையைத் தொடல. போதுமா?"

"அதுவும் கூடாது!" அவள் குரல் உயர்ந்தது. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அத்தையின் தாளை அவர் கையில் கொடுத்தாள். "பட்டுன்னு நிறுத்துனா விழுந்துருவீங்கன்னு அத்தை எழுதிருக்கு. காலையில மதுரை வண்டிக்குப் போவோம்."

"நாளைக்கு ஏலம்."

"அப்பா!"

"நாளைக்கு ஏலம்னு சொல்றேன்ல." தாளைப் படிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பானையருகே போய்த் தண்ணீர் மொண்டார். அவர் எத்தனை டம்ளர் குடிக்கிறார் என்று அவள் எண்ணினாள். நாலு. எண்ணக்கூடாது என்று நினைத்தாலும் அவளால் முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கடைசி வகுப்பு முடிந்தது. "மழை விடுற வரைக்கும் அடிச்சுக்கம்மா, சாவியை எதிர்வீட்டுல குடுத்துரு" என்று மாஸ்டர் போய்விட்டார். பத்து இயந்திரங்கள் உறை மூடிக்கிடந்த அறையில் பொன்னுமணி மட்டும் தாளைச் சொருகினாள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். முதலில் தன்னைப் பற்றி எழுதினாள். எந்தெந்தத் திங்கட்கிழமை எதை எப்படி மாற்றினாள் என்று, பென்சில் எண்ணையும் பேனா எண்ணையும் அடுத்தடுத்து அடித்தாள். அதன் பிறகுதான் மாத்திரை. அந்த வரி வந்ததும் விரல் நின்றது. பெற்ற தகப்பனைப் பற்றி ஓர் அந்நியருக்கு எழுதுவதற்கு நான் யார்? ஆனால் எழுதாவிட்டால் அந்த முகம் இன்னும் உப்பும். இரண்டையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெத்துராஜ் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பக்கத்து இயந்திரத்தின் முன் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"காலையில வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டைப் பையில் அத்தையின் தாள் வேறு மாதிரி மடிக்கப்பட்டிருந்தது. படித்திருக்கிறார்.

"ஏலம் இருக்குன்னீங்க?"

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னு தங்கபாண்டிகிட்டச் சொல்லிட்டேன். இருமுறவன் இருமட்டும்." இயந்திரத்தைக் காட்டினார். "என்ன எழுதிருக்க? ஒங்கப்பன் பொய்யன்னா?"

"ரெண்டு பேரையும் எழுதிருக்கேன்பா."

"திரும்ப நம்புவானா அந்த டாக்டரு?"

"தெரியாது. ஒரு தடவ பொய்யா எழுதுனவங்கள மறுபடி கூப்பிட்டு, அறுத்து அனுப்புனா, அப்புறம் ஒழுங்காப் பாத்துக்குவாங்கன்னு எப்படி நம்புறதுன்னு நெனப்பாரு. நானா இருந்தாலும் நெனப்பேன்."

மழை தகரத்தில் கொட்டியது.

"மாத்திரை தொடங்குன தேதிக்கு எடம் விட்டிருக்கேன்பா. ஆவணி பதினஞ்சு, இங்கிலீசுல ஆகஸ்டு முப்பத்தொண்ணு. சரிதான?"

அவர் பக்கத்து இயந்திரத்தின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அது டாக்டரு குடுத்த நாளு."

"ஆமா."

"தொடங்குனது அன்னைக்கு இல்ல."

பொன்னுமணி விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"பங்குனியில" என்றார் அவர். "ஏல நாளைக்கு மட்டும் ஒண்ணு, ரெண்டு. சமயத்துல நாலஞ்சு நாளு சேந்தாப்புல."

"பங்குனியா? அப்ப மதுரை டாக்டரையே நாம பாக்கலியே! யாரு குடுத்தா?"

அவர் நனைந்த குடையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"மதராஸுல படம் எடுத்தமே, அப்பவும் போட்டிருந்தீங்களா?"

"அன்னைக்குக் காலையிலயும் போட்டேன்."

அப்படியானால் அட்டவணை மட்டும் அல்ல. பத்து நாள் சோதனை பொய். மதராஸிலிருந்து கவனமாக அட்டைக்குள் வைத்து அனுப்பிய படமும் உண்மையான மூக்கின் படம் இல்லை. அந்த டாக்டர் மேஜையில் இருப்பதில் எதை நம்பலாம் என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பெயரும் வயதும்தான் மிஞ்சின. உருளையைத் திருகி, பாதி அடித்த தாளை வெளியே எடுத்தாள். புதுத் தாளைச் சொருகினாள்.

"முதல்லருந்து சொல்லுங்கப்பா. யாரு குடுத்தா?"

பெத்துராஜ் வாயைத் திறந்தார். ஆனால் குரல் வாசல் பக்கமிருந்து வந்தது.

"நாந்தான் குடுத்தேன்."

சுந்தரம்மாள் படியேறி வந்த மூச்சு அடங்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை முழுக்க நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

"சுந்தரம், நீ வீட்டுக்குப் போ" என்றார் பெத்துராஜ், எழுந்துகொண்டே.

"இருங்க. எனக்கு மூச்சு இளைப்புக்குன்னு பெரியகுளத்துல எழுதிக் குடுத்ததும் இதே மாத்திரைதான். நாந்தான் ஒங்க கையில வச்சேன். அவ எழுதட்டும்." அவள் உள்ளே வந்து மகளின் எதிரே உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினாள். "எழுதிக்கோ, பொன்னுமணி. என் பேரையும் போட்டுக்கோ. ஆனா எதுக்காகக் குடுத்தேன்னு கேட்டுட்டு எழுது."